ரெபெக்கா அப்பா படித்த அமெரிக்கச் சரித்திரம்

என் வீட்டுக்காரரின் பெயர் ஐசக். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. மூத்தவள் பிறந்த நாளிலிருந்து ‘ரெபெக்கா அப்பா’ என்றே சொல்லி வருகிறேன், இதிலும் அப்படியே எழுதுகிறேன். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவனந்தபுரம் போகிற அரசு பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். இப்போது டெக்சாஸில், நாங்கள் இருக்கிற இர்விங்குக்குப் பக்கத்து விமான நிலையத்தில், நடக்கமாட்டாதவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து விமான வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறார். இதுவும் ஆளைக் கொண்டு சேர்க்கிற வேலைதான், டிக்கெட் கிழிப்பது மட்டும் வேறு ஆள் என்பார்.

நாங்கள் இங்கே வந்தது 1993 ஆகஸ்டில். அவருடைய அக்காள், எனக்கு மைனி, ரொம்ப காலத்துக்கு முன்னமே நர்ஸ் வேலைக்கு வந்து இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டவர்கள். தம்பி குடும்பத்துக்கென்று மைனி போட்ட மனு பத்துப் பன்னிரண்டு வருஷம் எங்கேயோ கிடந்து, ஒருநாள் மெட்ராஸ் கான்சலேட்டிலிருந்து நாலு பேரையும் வரச்சொல்லிக் காகிதம் வந்தது. நான்கு பேரும் போனோம். மூன்று பேருக்குத்தான் விசா கிடைத்தது. பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது முடிந்திருக்கக் கூடாதாம். ரெபெக்காவுக்கு முடிந்து இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தது. மகன் ஷைனுக்குப் பதினேழு, அவனுக்குத் தடையில்லை.

அந்த ஜன்னலுக்கு முன்னால் ரெபெக்கா அழவில்லை. ரசீதுகளை மடித்து என் கைப்பையில் வைத்துவிட்டு, மதியத்துக்கு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டாள். அவளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ஏறினோம். சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்த மறு வருஷம் இவர் மகளுக்காக ஒரு மனு போட்டார். கிரீன் கார்டுக்காரர் போட்ட மனு என்பதால் அது நத்தை மாதிரி நகர்ந்தது. அதில் ஒரு பொல்லாத விதியும் இருந்தது. அப்பா அமெரிக்கக் குடிமகன் ஆவதற்கு முன்னால் மகளுக்குக் கல்யாணம் ஆனால் மனு அன்றைக்கே செத்துப்போகும். அவர் குடிமகன் ஆனபிறகு அவள் கட்டிக்கொண்டால் மனுவுக்கு உயிர் இருக்கும். ஆகவே மகள் கல்யாணம் அப்பாவின் பரீட்சைக்குக் காத்துக் கிடந்தது. மார்த்தாண்டத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வாத்தியார் மாப்பிள்ளை, நல்ல பையன், இரண்டு வருஷமாகப் பொறுத்திருந்தான். அவனுடைய அம்மா மட்டும், தொண்ணூற்றொன்பது முடிந்தால் வேறு இடம் பார்ப்போம் என்று என் தங்கையிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். ரெபெக்காவுக்கு அப்போது இருபத்தேழு.

ஐந்து வருஷம் முடிந்ததும் இவர் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். வெள்ளைக்கார அதிகாரி முன்னால் உட்கார்ந்து அமெரிக்கச் சரித்திரத்தில் கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். இவர் எட்டாவது வரை படித்தவர். பஸ்ஸில் மலையாளமும் தமிழும் போதும். விமான நிலையத்தில் பேசுகிற இங்கிலீஷ் முப்பது நாற்பது வார்த்தை இருக்கும், அதில் பாதி ‘ஓக்கே மேடம்’. ஷைன் கம்ப்யூட்டரிலிருந்து நூறு கேள்வி எடுத்துக் கொடுத்தான். இவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பதில் இருக்கிறது, ஆனால் என்ன நடந்தது என்று இதில் இல்லையே என்றார். என்ன நடந்தது என்று தெரியாமல் பதில் மட்டும் சொன்னால் அது கிளி ஜோசியம் என்று அவருக்கு எண்ணம்.

அப்படித்தான் ஊர் லைப்ரரிக்குப் போனார். சனிக்கிழமை காலையில் நானும் கூடப் போவேன். பெரியவர்கள் பக்கத்துச் சரித்திரப் புத்தகங்கள் செங்கல் கனம் இருந்தன. சின்னப்பிள்ளைகள் பக்கத்தில் அதே சரித்திரம் மெலிசாக, பெரிய எழுத்தில், பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு இருந்தது. முழங்கால் உயரத்து நாற்காலிகள். இவர் ஆறடி. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒரு பக்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் இவர் ஒரு வரி படிப்பார். எனக்குத் தமிழ் அஞ்சாம் வகுப்போடு சரி, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது. படம் பார்ப்பேன். தொப்பி வைத்தவர்கள், கப்பல், பீரங்கி, சங்கிலி மாட்டிய கறுத்த மனுஷர்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வேன்.

மனப்பாடம் பண்ண அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். முதல்முதலில் சேர்ந்த பதின்மூன்று மாநிலங்களையும் பஸ் நிறுத்தங்களில் இறக்கிவைத்துவிட்டார். டெலாவேர் வடசேரி. பென்சில்வேனியா பார்வதிபுரம். நியூஜெர்சி சுங்கான்கடை. ஜார்ஜியா தோட்டியோடு. கனெக்டிகட் வில்லுக்குறி. இப்படியே போய் ரோட் ஐலண்டைக் கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டில் நிறுத்துவார். கடைசியாக, மனசில்லாமல் வந்து சேர்ந்த மாநிலமாம் அது. எல்லா வண்டியும் செக்போஸ்ட்டில் நின்றுதானே ஆகவேண்டும் என்பார். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் இந்த பஸ் ஓடும். நடுவில் எதையாவது கேட்டால் வண்டி மறுபடியும் வடசேரியிலிருந்து கிளம்ப வேண்டும். அதனால் நான் கேட்க மாட்டேன்.

குழப்பம் மூன்றாவது சனிக்கிழமை வந்தது. மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்றில் முதல் ஜனாதிபதி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, என்னால் பொய் சொல்ல முடியாது, நான்தான் வெட்டினேன் என்று ஒத்துக்கொண்டதாகப் போட்டிருந்தது. இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாரமெல்லாம் விமான நிலையத்தில் பார்த்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான இன்னொரு புத்தகத்தில், அப்படி ஒரு மரமும் இல்லை, கோடாலியும் இல்லை, அவர் இறந்தபிறகு ஒரு புத்தகக்காரர் கட்டிவிட்ட கதை அது என்று எழுதியிருந்தது.

இவர் இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு அங்கே வேலை பார்க்கிற நரைத்த தலை அம்மாவிடம் கொண்டுபோய், எது சரி என்று கேட்டார். அந்த அம்மா சிரித்து, இரண்டாவதுதான் சரி என்றார்களாம். அப்படியென்றால் முதலாவதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பதில்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

“பொய் சொல்லக் கூடாதுன்னு பிள்ளையளுக்குப் படிச்சுக்குடுக்க ஒரு பொய்ய எழுதியிருக்கான் ஜெபராணி. அதுவும் செத்த மனுஷனைப் பத்தி.”

“கதைதானே. நாமளும் பிள்ளையளுக்குக் கத சொல்லலியா?” என்றேன்.

“நாம சரித்திரம்னு அட்டை போட்டுச் சொல்லலியே.”

பிறகு இன்னொன்று வந்தது. ஒரு புத்தகத்தில் அதே ஜனாதிபதியின் வீட்டை முன்பக்கமிருந்து வரைந்திருந்தது. வெள்ளைத் தூண், புல்வெளி, குதிரை. இன்னொரு புத்தகத்தில் அதே வீட்டின் பின்பக்கம். அங்கே அடிமைகளின் குடிசைகள், துவைக்கிறவர்கள், விறகு சுமக்கிறவர்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு புத்தகத்தையும் விரித்துவைத்து மகனைக் கூப்பிட்டார். ஷைனுக்கு அப்போது இருபத்துமூன்று. லாஸ் கோலினாஸில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலை. முந்தின மாதம்தான் அவனுக்குப் பரீட்சை முடிந்து குடியுரிமைச் சர்டிபிகேட் வந்திருந்தது. போகிற வழியில் பார்க்கிங் லாட்டில் நூறு கேள்வியையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனவன் அவன்.

“மக்ளே, முன்பக்கம் தெரிஞ்சவன் பாஸா, பின்பக்கம் தெரிஞ்சவன் பாஸா?” என்று இவர் கேட்டார்.

“அப்பா, வீட்டைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஃபர்ஸ்ட் பிரெசிடென்ட் யாருன்னு கேப்பாங்க. பேரைச் சொல்லிட்டு வந்துருங்க. ஓவரா திங்க் பண்ணாதீங்க.”

“பேரு நீ குடுத்த தாள்லயே இருக்கே.”

“அதைத்தான் நான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்,” என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நிஜமான இடி அதற்குப் பிறகு. பரீட்சை தேதி நவம்பரில் என்று காகிதம் வந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஒரு பெரிய மண்டபத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ண வேண்டும் என்று ஷைன் பேச்சுவாக்கில் சொன்னான். அவனுடைய விழாவுக்கு அவன் தனியாகத்தான் போயிருந்தான், எங்களுக்கு அது தெரியாது. இவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

எங்கள் சபையில் சத்தியம் பண்ணுவதில்லை. ஆண்டவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வானத்தின்மேலும் கூடாது, பூமியின்மேலும் கூடாது, தன் தலையின்மேலும் கூடாது. நான் பிறந்தது வேறு சபை, கல்யாணத்துக்குப் பிறகுதான் இவருடைய சபைக்கு வந்தேன். ஆகவே எனக்கு அது கேட்டுத் தெரிந்துகொண்ட காரியம், அவருக்கு எலும்பில் இருக்கிற காரியம். ஒருமுறை தக்கலையில் ஒரு அம்மாவின் செயின் பஸ்ஸில் காணாமற்போனது. கண்டக்டர்தான் கடைசியாகப் பக்கத்தில் வந்தார் என்று அந்த அம்மா சொல்லி, ‘எடுக்கலன்னா ஒம் பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு’ என்று நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். எடுக்கவில்லை என்று இவர் சொன்னார். சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னார். கூட்டம் அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. பதினெட்டு நாள் வேலை இல்லை. பிறகு செயின் அந்த அம்மாவின் குடைக்குள்ளேயே கிடைத்தது. ஒரு தார் மட்டி வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து அழுதார்கள்.

அது பதினெட்டு நாள். இது ரெபெக்காவின் வாழ்க்கை.

ஷைன் பொறுமையாகத்தான் தொடங்கினான். அது ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டி, எல்லோரும் சேர்ந்து சொல்வது, யாரும் உங்கள் வாயைப் பார்க்கப்போவதில்லை என்றான். பிறகு அவன் குரல் ஏறியது.

“நானும் அதே சபைதானப்பா. நானும்தான் சொன்னேன். எனக்கு என்ன ஆச்சு? அக்கா அங்க முப்பது வயசு வரைக்கும் சித்தி வீட்டுல சட்டி கழுவணுமா?”

“நீ சொன்னது ஒனக்கும் ஆண்டவருக்கும். நான் கேக்கல,” என்றார் இவர். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூடிவருகிற சகோதரர்களிடம் கேட்டார். நாங்கள் பதினைந்து குடும்பம், ஒரு அபார்ட்மெண்டின் பொது அறையில் கூடுகிறோம். ஒரு சகோதரர், அரசாங்கம் கேட்கிற வாக்கு வேறு, ஆண்டவர் தடுத்தது வேறு என்றார். இன்னொருவர், வேறே இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்றார். இருவரும் வயதானவர்கள், இருவரும் முழங்கால் தேய ஜெபிக்கிறவர்கள். யாரை நம்புவது?

அந்த நாட்களில் நான் இரண்டு ஜெபம் பண்ணினேன். காலையில், அவர் மனசு இளகிச் சத்தியம் பண்ணவேண்டும் என்று. சாயங்காலம், என் நிமித்தமாக அவர் மனச்சாட்சியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று. ஆண்டவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், ஃபோன் கார்டு வாங்கி ரெபெக்காவுக்குப் போட்டோம். எப்போதும் அவளிடம் மழை, வெயில், தேங்காய் என்று பேசுகிறவர் அன்றைக்கு விஷயத்தை நேரே சொன்னார். நானும் காதை ரிசீவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“அப்பா, எனக்காவ சத்தியம் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

“செரி மக்ளே.”

“பண்ணாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அத எங்கிட்ட கேக்காதீய. இருவத்தேழு வயசாச்சு, நல்லவளா இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சு.”

பிறகு கார்டில் இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்று ஒரு குரல் வந்தது. இரண்டு நிமிஷமும் யாரும் பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் லைப்ரரியில் அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மடியில் ஒரு பிள்ளைகள் புத்தகம். அகலமான தொப்பி வைத்த, ஆடம்பரமில்லாத உடுப்புப் போட்ட ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாகப் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். நம்ம சபை மாதிரி இருக்கே என்றேன்.

“அதான் நானும் பாத்தேன்,” என்றார். விரலை வரியில் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். பென்சில்வேனியாவில் குடியேறியவர்களாம் இவர்கள். குவேக்கர் என்று பெயர். சத்தியம் பண்ண மாட்டோம், சொன்னால் சொன்னதுதான் என்று நின்றவர்களாம். இங்கிலாந்துச் சீமையில் அதற்காக ஜெயிலில் கிடந்தவர்களாம். பிற்பாடு இந்தத் தேசத்துச் சட்டத்தை எழுதும்போது, சத்தியம் பண்ணமாட்டாதவர்கள் ‘உறுதி சொல்கிறேன்’ என்று சொன்னால் போதும் என்று சேர்த்தார்களாம். ஜனாதிபதிக்கே அப்படித்தானாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஆண்டவர் வழி காட்டிட்டாரு. இனி என்ன?” என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார்.

“இதுவும் அந்த செர்ரி மரம் இருந்த அலமாரிதான் ஜெபராணி,” என்றார்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிய பொய்யா, நிஜமா? நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் அது உண்மையாகிவிடுமா? அந்த நரைத்த தலை அம்மா அன்றைக்கு லீவு. ஷைன் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். அவன் தேடி, உண்மைதான் என்று சொன்னான். ஆனால் அக்காவுக்காக அவன் எதையும் உண்மை என்பான் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியது. அதை நாங்கள் அவனிடம் சொல்லவில்லை.

பரீட்சை நாள் நவம்பர் ஒன்பது. டாலஸில் பெரிய ஆபீஸ். ஷைன் இறக்கிவிட்டு வேலைக்குப் போனான். இவர் வெள்ளைச் சட்டை, கையில் விண்ணப்பக் காகிதங்கள், அதோடு அந்த லைப்ரரிப் புத்தகம். குவேக்கர் படம் இருந்த பக்கத்தில் அடையாளத்துக்கு என் தலைமுடி கிளிப்பைச் செருகியிருந்தார். எங்கள் கணக்கு, சத்தியம் கடைசியில்தானே, முதலில் சரித்திரக் கேள்வி முடியட்டும், பிறகு நிதானமாகப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்பது.

உள்ளே நடந்ததை அவர் பின்னால் சொல்லித்தான் தெரியும். ஒரு கறுத்த அம்மா, நல்ல உயரம், அதிகாரி. உட்காரச் சொல்லுமுன்பே, வலது கையைத் தூக்கு, நீ சொல்லப்போவதெல்லாம் உண்மை என்று சத்தியம் பண்ணு என்றார்களாம். கடைசியில் வரும் என்று நினைத்தது வாசலிலேயே நின்றது. இவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முப்பது வார்த்தையும் பறந்துவிட்டது. கை பாதி ஏறி அப்படியே நின்றிருக்கிறது. அந்த அம்மா மறுபடியும் சொன்னார்கள். இவர் புத்தகத்தை எடுத்து, கிளிப் வைத்த பக்கத்தை விரித்து மேஜையில் வைத்து, தொப்பிக்காரர்கள் படத்தைத் தொட்டு, பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

அந்த அம்மா பக்கத்தைப் படித்தார்கள். நீ குவேக்கரா என்று கேட்டார்கள். இல்லை, ஆனால் இது என்றார். இது குழந்தைகள் புத்தகம் அல்லவா என்று கேட்டார்கள். என் இங்கிலீஷும் குழந்தைதான் என்றார். அவர்கள் சிரிக்கவில்லையாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறையைவிட்டுப் போய்விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் இருந்த நான் அவர்கள் கதவைத் திறந்து போனதைப் பார்த்தேன். கையில் எங்கள் புத்தகம், அதில் என் கிளிப். இவர் உள்ளே தனியாக. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடித்துவிட்டார்களா, அனுப்பிவிடப்போகிறார்களா? பக்கத்தில் இருந்த மெக்சிகோக்கார அம்மா நான் நடுங்குவதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஏதோ ஜெபம் முணுமுணுத்தார்கள். பாஷை வேறு, நடுக்கம் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரி அம்மா தனக்கு மேலதிகாரியான ஒரு பெரியவரோடு திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவர் இவரிடம், சத்தியம் வேண்டாம், உண்மை சொல்வேன் என்று உறுதி சொன்னால் போதும், முடிவில் மண்டபத்திலும் அந்த இடம் வரும்போது அப்படியே சொல்லிக்கொள் என்றாராம். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் உறுதி சொன்னார். பிறகு கேள்வி. பதின்மூன்று மாநிலங்களில் சிலவற்றைச் சொல் என்று கேட்டார்கள். இவர் வடசேரியில் கிளம்பினார். நாலைந்து சொன்னதும் போதும் போதும் என்று அந்த அம்மா கையைக் காட்டியிருக்கிறார்கள். பாதி வழியில் ஆளை இறக்கிவிட்டுப் பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு செக்போஸ்ட் வரைக்கும் போய்த்தான் நின்றார்.

வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாஸா என்று கேட்டேன். “அப்படித்தான் நெனக்கேன். புத்தகத்தத் திருப்பித் தந்துட்டாவ,” என்றார். காகிதத்தை ஷைன் பார்த்துத்தான் பாஸ் என்று சொன்னான்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பினோம். மண்டபத்துக்கு வரச்சொல்லி மார்ச்சில்தான் கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வருஷம் முடிந்தும் பொறுத்தார்கள். அதற்காக இன்றைக்கும் என் ஜெபத்தில் அவர்கள் பெயர் உண்டு.

பெரிய மண்டபம். ஐந்நூறு அறுநூறு பேர் இருப்பார்கள். எத்தனையோ தேசத்து மனுஷர்கள். எனக்கும் ஷைனுக்கும் பின்னால் மாடிப் பக்கத்தில் இடம். இவர் கீழே நடுவரிசையில், வெள்ளைச் சட்டை. நீதிபதி ஒரு அடி சொல்ல, எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சபையில் ஞானப்பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நீதிபதியின் குரல் வேகமாக வந்தது. அறுநூறு வாயும் சேர்ந்து ஒரே இரைச்சலாக எழுந்தது. கூரை அதிர்ந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவருடைய தூக்கிய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவர் கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஷைன் கையைக் குலுக்கினான். இவர் அவனை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“ஜெபராணி, நான் எதச் சொன்னேன்?”

எனக்குப் புரியவில்லை.

“அந்த இடம் வந்துச்சு. எல்லாரும் ஒண்ணாச் சொன்னாவ. எனக்கு முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், காதுக்குள்ள சத்தம். எம் வாயும் கூடப் போச்சு. நான் நம்ம வார்த்தையச் சொன்னேனா, அவனுவ வார்த்தையச் சொன்னேனா, தெரியல.”

“நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்கப்பா. நான் பாத்துட்டே இருந்தேன்,” என்றான் ஷைன். அவ்வளவு தூரத்திலிருந்து உதடு தெரியாது என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் மகன் முகத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

அன்றைக்கே ரெபெக்காவுக்கு ஃபோன் போட்டோம். இவர் சர்டிபிகேட் வந்துவிட்டது என்று சொன்னார். அவள் அந்தப் பக்கம் அழுதாள், அல்லது சிரித்தாள், கம்பியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பிறகு இவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். வாய் எப்படிப் போனதென்று தெரியவில்லை, சபையில் ஒப்புக்கொள்ளலாமென்றால் எதை ஒப்புக்கொள்வது, செய்யாத பாவத்தைச் செய்தேன் என்பதும் பொய், செய்த பாவத்தை இல்லை என்பதும் பொய் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்பா,” என்றாள் கடைசியில், “ஒங்களுக்குத் தெரியாதது ஆண்டவருக்குத் தெரியும்லா. அத அவருகிட்ட விட்டுருங்க. இப்போ இத மட்டும் சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பந்தல்காரனுக்குச் சொல்லட்டா, வேண்டாமா?”

இவர் என்னைப் பார்த்தார். 

“சொல்லு மக்ளே,” என்றார். “மே மாசம் வெயிலா இருக்கும். பெரிய பந்தலாப் போடச் சொல்லு.”